ஊருக்குப் பாட்டில் கொண்டு போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் மதுப் பாட்டில் பற்றியவைதான் அதிகம். கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உழைத்த காசில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஆசையாக வாங்கிய பாட்டில், விவரம் தெரியாத ஒரே காரணத்தால் விமான நிலையத்தோடு போய்விடக் கூடாது.

பெட்டிக்குள்ள பாட்டில் வச்சு செக்-இன் பண்ணலாமா, கூடாதா?

பண்ணலாம். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் வைப்பதற்குப் பொதுவாக எந்தத் தடையும் இல்லை.

ஆனால் அந்தப் பாட்டில் மூன்று விதிகளைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். முதலாவது விமானப் பாதுகாப்பு விதி: தீப்பற்றக்கூடிய பொருள் எவ்வளவு ஏற்றலாம் என்பது. இரண்டாவது இந்தியச் சுங்க விதி: வரியில்லாமல் எவ்வளவு உள்ளே வரலாம் என்பது. மூன்றாவது நீங்கள் இறங்குகிற மாநிலத்தின் மதுச் சட்டம். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. கீழே எந்தப் பதிலைப் படித்தாலும் அது எந்த விதியைப் பற்றியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தர் 5 லிட்டர்ங்கிறார், இன்னொருத்தர் 2 லிட்டர்ங்கிறார். எதுங்க சரி?

இரண்டும் சரி. 5 லிட்டர் என்பது விமானப் பாதுகாப்புக் கணக்கு. 24 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள மதுவை ஒருவர் மொத்தம் 5 லிட்டர் வரை, கடையில் விற்கும் பாட்டிலிலேயே எடுத்துச் செல்லலாம். விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா எல்லாம் இதில் அடங்கும். 24 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள பீர், ஒயினுக்கு இந்த விதியில் அளவு வரம்பு கிடையாது. பெட்டியின் எடைதான் வரம்பு.

2 லிட்டர் என்பது இந்தியச் சுங்கம் வரியில்லாமல் விடும் அளவு. சிங்கப்பூரில் கவுண்டரில் இருப்பவர் 4 லிட்டரைப் பார்த்தும் ஒன்றும் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவர் பார்ப்பது முதல் விதியை மட்டும். திருச்சியில் இறங்கியதும் கேட்கப்படுவது இரண்டாவது விதி. “ஏத்தும்போது விட்டாங்களே” என்று அங்கே சொல்லிப் பயனில்லை. ஊருக்கு வருகிறவர் மனதில் வைக்க வேண்டிய எண் 2 தான்.

2 லிட்டர்ங்கிறது விஸ்கிக்குத்தானே? பீர் தனிக் கணக்கு இல்லையா?

இல்லை. மது, ஒயின், பீர் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2 லிட்டர். விஸ்கி இரண்டு லிட்டர், பீர் இரண்டு லிட்டர் என்று தனித்தனியாகக் கிடையாது.

வாங்கும்போதே கூட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு என்றால் கணக்கு முடிந்தது, அதற்கு மேல் ஒரு பீர் டின் கூட வரக் கூடாது. 750 மி.லி. பாட்டில் இரண்டு வாங்கினால் 1.5 லிட்டர், இன்னும் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. அதே 750 மி.லி.யில் மூன்று வாங்கினால் 2.25 லிட்டர், வரம்பு தாண்டிவிட்டது. “மூணு வாங்கினா தள்ளுபடி” என்ற அட்டையைப் பார்த்து இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 330 மி.லி. பீர் டின் ஆறு சேர்ந்தால் 1.98 லிட்டர், அது உள்ளே வந்துவிடும்.

24, 70ன்னு சொல்றீங்களே, அது பாட்டில்ல எங்க இருக்கும்?

லேபிளின் ஓரத்தில் 40%, 43% என்று ஆல்கஹால் அளவு அச்சிட்டிருக்கும். நம் ஊர் பாட்டில்களில் 42.8% என்று பார்த்திருப்பீர்கள், அதே எண்தான். அமெரிக்கப் பாட்டில் சிலவற்றில் ப்ரூஃப் கணக்கில் போட்டிருப்பார்கள். அதைப் பாதியாக்கினால் சதவீதம் வந்துவிடும்: 80 ப்ரூஃப் என்றால் 40 சதவீதம்.

70 சதவீதத்தைத் தாண்டியது எதுவும் விமானத்தில் ஏறக் கூடாது. செக்-இன்னிலும் கூடாது, கையிலும் கூடாது. ஆஸ்திரியாவின் ஸ்ட்ரோ 80 ரம், போலந்தின் 95 சதவீத ஸ்பிரிட் போன்றவை இந்த வகை. வித்தியாசமாக இருக்கிறதே என்று ஐரோப்பாவில் வாங்கி வந்து பறிகொடுக்கிறவர்கள் உண்டு. அப்சிந்த் என்ற காட்டமான மதுவில் சில வகைகளும் இந்தக் கோட்டைத் தாண்டும், எனவே லேபிளைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கையிலேயே எடுத்துட்டுப் போனா உடையாதுல்ல? ஹேண்ட் லக்கேஜ்ல வைக்கலாமா?

வெளிக் கடையில் வாங்கிய பாட்டிலை வைக்க முடியாது. சர்வதேச விமானத்தில் கைப்பையில் வரும் திரவம் எதுவானாலும் 100 மி.லி.க்கு மேற்படாத குப்பியில் இருக்க வேண்டும். பெரிய பாட்டிலைச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பெட்டி உள்ளே போயிருக்கும், திரும்பி ஓடிப்போய் வைக்கவும் வழி இருக்காது.

பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகு ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியதைக் கையில் கொண்டு வரலாம். பில்லை உள்ளே தெரியும்படி வைத்து, ஒட்டிய கவரில் போட்டுத் தருவார்கள். வீடு வந்து சேரும் வரை அந்தக் கவரைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். விமானத்துக்குள் அந்தப் பாட்டிலைத் திறந்து குடிப்பதும் கூடாது. இன்னொன்று: குறைந்த கட்டண விமானங்கள் சிலவற்றில் இந்தக் கவரையும் கைப்பை எடையோடு சேர்த்து நிறுக்கிறார்கள்.

மேல போனதும் காத்தழுத்தத்துல பாட்டில் வெடிச்சிரும்னு சொல்றாங்களே?

வெடிக்காது. பயணிகள் விமானத்தில் பெட்டிகள் இருக்கும் கீழ்ப்பகுதியிலும் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அழுத்தம்தான் பராமரிக்கப்படுகிறது. சுமார் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் உயரம். ஷாம்பெயின் பாட்டில் தன் உள்ளேயே சுமார் 6 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. வெளியே கால் பங்கு குறைவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குளிரில் உறைந்து உடையும் என்பதும் சரியல்ல. 40 சதவீத மது உறைய பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 27 டிகிரி வேண்டும்.

பாட்டில் உடைவது அடிபட்டுத்தான். பெட்டியைத் தூக்கிப் போடும்போது, பெல்ட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, சக்கரப் பக்கம் தரையில் மோதும்போது. அழுத்த மாற்றத்தால் வரக்கூடிய ஒரே தொல்லை, தளர்ந்த மூடி வழியாகக் கொஞ்சம் கசிவது.

அப்போ உடையாம எப்படிக் கட்டணும்?

முதலில் மூடியைக் கெட்டியாகத் திருகி, அது கழுத்தோடு சேரும் இடத்தில் டேப்பை நான்கைந்து சுற்று சுற்றுங்கள். பிறகு பாட்டிலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதன் மேல் இன்னொரு கவர். உடைந்தாலும் கசிந்தாலும் சேதம் அந்தக் கவரோடு நிற்க வேண்டும். குழந்தைகளுக்குப் போடும் டயப்பர் ஒன்றைப் பாட்டிலைச் சுற்றி வைத்து அதன்பின் கவருக்குள் போடுவது இன்னும் நல்லது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது மெத்தை. தடித்த குளியல் துண்டு, போர்வை, ஜீன்ஸ் எல்லாம் நன்றாக வேலை செய்யும். லுங்கியும் சட்டையும் மெல்லியவை, அவற்றை மட்டும் நம்பாதீர்கள். பாட்டிலில் பலவீனமான இடம் கழுத்து, அங்கே ஒரு சுற்று அதிகமாக வையுங்கள். அட்டைப் பெட்டியோடு வந்த பாட்டில் என்றால் அதைக் கழற்றாமல் மேலே துணியைச் சுற்றுங்கள். பெட்டியின் நட்டநடுவே, எல்லாப் பக்கமும் நாலு விரற்கடை துணி இருக்கும்படி வையுங்கள். கடினமான பிளாஸ்டிக் பெட்டி என்றாலும் ஓரத்தில் வைக்கக் கூடாது, அடி விழுந்தால் அந்த ஓடு உள்வாங்கும். இரண்டு பாட்டில்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது. மூடியபின் பெட்டியைத் தூக்கி உலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகர்கிற சத்தம் கேட்டால் திறந்து மறுபடி அடுக்குங்கள்.

அட்டைப் பெட்டியில் கயிறு கட்டிக் கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாட்டிலை அதில் வைக்காதீர்கள். கொஞ்சம் கசிந்தாலே அடி அட்டை ஊறிப் பிய்ந்து, பெல்ட்டில் சாமான் முழுவதும் சிதறிவிடும். மைலோ பாக்கெட், சாக்லேட், சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், அம்மாவுக்கு வாங்கிய சேலை ஆகியவற்றைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எடையையும் மறக்க வேண்டாம்: ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில் ஒன்றரை கிலோவுக்கு மேல் நிற்கும்.

பாதி குடிச்ச பாட்டிலை மூடி எடுத்துட்டு வரலாமா? நல்ல சரக்கு, விட்டுட்டு வர மனசில்ல.

24 சதவீதத்துக்கு மேற்பட்ட மது, கடையில் வந்த நிலையில் சீலோடு இருக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. திறந்த பாட்டிலைச் சோதனையில் எடுத்துவிட்டால் எதிர்வாதம் செய்ய இடமில்லை. கசிவு ஆபத்தும் அதிகம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டு வருவது அதைவிட மோசம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. அறையில் இருக்கும் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ட்யூட்டி ஃப்ரீல வாங்கினது 2 லிட்டர்ல சேராதுன்னு கடைக்காரரே சொன்னாரே?

சேரும். கிளம்பும் விமான நிலையத்தில் வாங்கியது, விமானத்துக்குள் வாங்கியது, சென்னையில் இறங்கியபின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையில் வாங்கியது, வெளிக் கடையில் வாங்கிப் பெட்டியில் வைத்தது எல்லாமே ஒரே கணக்கு. ட்யூட்டி ஃப்ரீ என்பது அந்தக் கடை வரியில்லாமல் விற்கிறது என்று மட்டுமே சொல்கிறது. இந்தியாவுக்குள் எவ்வளவு வரியில்லாமல் வரலாம் என்பதை முடிவு செய்வது இந்தியச் சுங்கம்.

என்னைக் கேட்டால், பெட்டியில் வைத்து உடையுமோ என்று பயப்படுகிறவர்கள் இறங்கும் இடத்திலேயே வாங்கிக்கொள்வது நிம்மதி. வகை குறைவாக இருக்கலாம், ஆனால் எடைக் கவலையும் கசிவுக் கவலையும் இல்லை.

நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பிள்ளைங்க. நாலு பேருக்கும் எட்டு லிட்டர் ஆச்சுல்ல?

ஆகாது. உங்களுக்கு 2, மனைவிக்கு 2. பிள்ளைகள் பெயரில் மதுக் கணக்கு வைக்கப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் மது வாங்கவே 21 வயது ஆக வேண்டும். பத்து வயதுப் பையனுடைய பங்கு என்று அதிகாரியிடம் சொல்வது உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

ஒருவருடைய சலுகையை இன்னொருவரோடு சேர்த்துக்கொள்ளவும் முடியாது. அதாவது 3 லிட்டர் பாட்டில் ஒன்றைக் காட்டி “இது எங்க ரெண்டு பேருக்கும்” என்று சொல்ல முடியாது. தம்பதியாக வந்தால் அவரவர் பாட்டிலை அவரவர் பெட்டியில், அவரவர் பெயரில் பில்லோடு வைப்பது நல்லது.

அளவுக்கு மேல இருந்தா வரி கட்டிட்டு எடுத்துட்டுப் போயிரலாமா?

முன்கூட்டியே அறிவித்தால் அதற்கு வழி இருக்கிறது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, பெட்டியில் என்ன இருக்கிறது என்று பயணியே அறிவிக்க வேண்டும் என்கிறது. அப்படி அறிவிக்கிறவர்கள் போகிற வழி சிவப்புப் பாதை. அங்கே போய் கூடுதல் பாட்டிலைக் காட்டினால் வரி போடுவார்கள். அந்த வரி பாட்டில் விலைக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்கும். நாலாயிரம் ரூபாய் பாட்டிலுக்கு மேலும் நாலாயிரமோ ஆறாயிரமோ கட்டுவதில் லாபம் எதுவும் இல்லை.

அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகிற பச்சைப் பாதையில் ஒன்றும் சொல்லாமல் நடந்து போய்ப் பிடிபட்டால் நிலைமை வேறு. பாட்டிலைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். இறங்கியதும் பெட்டிகள் ஸ்கேனில் போகின்றன, பாட்டில் வடிவம் அதில் தெளிவாகத் தெரியும். துணிக்குள் சுற்றி வைத்தால் தெரியாது என்று நினைப்பது வீண். இன்னொரு வழியும் சட்டத்தில் உண்டு: உண்மையாக அறிவித்த பொருளைச் சுங்கத்திடமே ஒப்படைத்துவிட்டு, இந்தியாவை விட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். 80-ஆவது பிரிவு அதற்குத்தான். விடுமுறைக்கு வந்து ஒரு மாதத்தில் திரும்புகிறவர்களுக்கு இது உதவும்.

நேரா திருச்சிக்கு டிக்கெட் கிடைக்கல. மும்பையில மாறி வர்றேன். கையில ட்யூட்டி ஃப்ரீ பாட்டில் இருக்கு. என்ன பண்றது?

நிறையப் பேர் பாட்டிலை இழக்கும் இடம் இது. பெரும்பாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதன்பின் உங்களுக்கு இன்னொரு பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. கையில் இருக்கும் பாட்டில் அங்கே தடுக்கப்படலாம்.

எனவே பெட்டியை ஒப்படைக்கும் முன் கையில் இருக்கும் பாட்டிலையும் உள்ளே வைத்துவிடுங்கள். மேலே சொன்ன கட்டும் முறை அப்போதே வேண்டியிருக்கும் என்பதால், கைப்பையில் ஒரு துண்டும் இரண்டு ஜிப் கவரும் டேப்பும் தயாராக இருக்கட்டும். பெட்டியில் இடமும் எடையும் மிச்சம் வைத்துக் கிளம்புங்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு எடை வரம்பு குறைவாக இருந்தால் அதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில குவைத்தோ சவூதியோ மாறினா? மாலத்தீவு வழியா வந்தா?

குவைத்திலும் சவூதியிலும் பயணி மது கொண்டு வருவது குற்றம். பெட்டி நேராகச் சென்னை வரை டேக் போட்டுப் போனால் ஒரு நிலை, நடுவில் பெட்டியை எடுக்க வேண்டிய டிக்கெட் என்றால் வேறு நிலை. விமானம் ரத்தாகி ஓட்டலில் தங்கச் சொன்னால் பெட்டி கைக்கு வரும், அப்போது ஆபத்து. இந்த வழியாக வருகிறவர்கள் பாட்டில் வாங்கவே வேண்டாம் என்பதே என் உறுதியான பதில்.

மாலத்தீவில் மது கொண்டு நுழைய முடியாது. வந்து இறங்கும்போது பெட்டியை ஸ்கேன் செய்து பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது அதைக் காட்டி வாங்க வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே குஜராத்தும் பீகாரும் மதுவிலக்கு மாநிலங்கள். அகமதாபாத்திலோ பாட்னாவிலோ பெட்டியோடு வெளியே வருகிற திட்டம் இருந்தால் பாட்டிலை விட்டுவிடுங்கள். பீகாரில் 2016 முதல் சட்டம் மிகக் கடுமை.

பெங்களூர்ல இறங்கி பஸ்ல சேலம் போறேன். செக்போஸ்ட்ல பிடிச்சா?

வெளிநாட்டிலிருந்து சுங்கத்தைத் தாண்டி வந்த பாட்டில் என்று காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். பில், போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டிய டேக், பாஸ்போர்ட்டில் அன்றைய முத்திரை ஆகியவற்றை வீடு சேரும் வரை வைத்திருங்கள். பாட்டிலைத் திறக்காதீர்கள். 2 லிட்டருக்குள் இருந்து பில்லும் இருந்தால் விளக்கிச் சொல்வது எளிது.

அதோடு பெங்களூரில் ஊர்க் கடையில் இரண்டு வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள். அது கர்நாடகத்தில் விற்பதற்கான சரக்கு. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது, 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. வேறு மாநிலச் சரக்கு எல்லை தாண்டுவதைத்தான் செக்போஸ்டில் முதலில் தேடுகிறார்கள். கோவாவிலிருந்து சென்னைக்குப் பறக்கிறவர்கள் கேட்பதற்கும் இதுவே பதில்: விமானம் 5 லிட்டர் ஏற்றும், ஆனால் கோவாவில் மட்டும் விற்க என்று அச்சிட்ட பாட்டிலுக்குத் தமிழ்நாட்டில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கொழும்புல இருந்து தென்னஞ்சாராயம் வாங்கிட்டு வரலாமா? கள்ளு?

கடையில் விற்கும் தென்னஞ்சாராயம் 24-க்கும் 70-க்கும் இடைப்பட்டது, விஸ்கிக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். கள் வேண்டாம். புளிப்பேறிக்கொண்டே இருப்பதால் மூடிய பாட்டிலுக்குள் வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும். அழுத்தத்தில் வெடிக்காது என்று முன்னால் சொன்னது முறையாக அடைத்த பாட்டிலுக்குத்தான். அதோடு தமிழ்நாட்டில் கள் இறக்கவும் விற்கவும் 1987 முதல் தடை இருக்கிறது. வீட்டில் காய்ச்சிய எதையும், யார் கொடுத்தாலும், பெட்டியில் வைக்காதீர்கள்.

தெரிஞ்சவர் ஒருத்தர் “ஊருக்குத்தானே போறே, இதை என் மச்சான்கிட்ட குடுத்துடு”ன்னு ரெண்டு பாட்டில் குடுக்கிறார். எப்படி மறுக்கிறது?

நீங்கள் பாட்டில் எதுவும் வாங்கவில்லை, அவர் நன்றாகத் தெரிந்தவர், சீலும் பில்லும் இருக்கிறது, உங்கள் கையாலேயே பிரித்துப் பார்த்து அடுக்குகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். சுற்றிக் கட்டிய பார்சலாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெட்டி உங்கள் பெயரில் இருக்கிறது, உள்ளே என்ன இருந்தாலும் பதில் சொல்லப் போவது நீங்கள். “என் கணக்கு முடிஞ்சுதுண்ணே, மேல இருந்தா வரி போடுவாங்க” என்று சொல்லுங்கள். அது உண்மையும் கூட, யாரும் வருத்தப்பட முடியாது.

விமான நிலைய வாசலில் “பாட்டில் இருக்கா, நல்ல விலை தர்றேன்” என்று கேட்கிறவர்களிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள். உங்கள் சொந்த உபயோகத்துக்கு என்றுதான் வரியில்லாமல் விட்டார்கள். உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில் விற்றாலும் குற்றம்.

உடைஞ்சு வந்தா விமான கம்பெனி காசு தருமா?

பாட்டிலுக்குக் கிடைப்பது கடினம். உடையும் பொருளைச் செக்-இன் செய்தால் பொறுப்பேற்பதில்லை என்று பெரும்பாலான நிறுவனங்களின் பயண நிபந்தனைகளில் இருக்கும். கண்ணாடிச் சின்னம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவதாலும் அது மாறாது.

ஆனால் பெட்டியே நசுங்கியோ கிழிந்தோ வந்திருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான, இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெல்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெட்டியைப் படம் எடுத்து, அங்குள்ள பேக்கேஜ் கவுண்டரில் சொல்லி, புகார் எண் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எங்கே உடைந்தது என்ற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.